வீட்டில் சீட்டுக்கட்டு: பேத்தியையும் பாட்டியையும் ஒரே பாயில் உட்காரவைக்க எந்த ஆட்டம் உதவும்?

வாசற்படி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். என் தந்தை காலமான பிறகு, சென்ற ஆடி மாதத்திலிருந்து 74 வயதான என் அம்மா எங்களுடன் இருக்கிறார். மகன் ஏழாம் வகுப்பிலும் மகள் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மாலை ஏழு மணிக்குமேல் ஐந்து பேரும் ஒரே கூடத்தில்தான் இருப்போம். ஆனாலும் எங்களுக்குள் நடக்கும் பேச்சு "சாப்பிட வாருங்கள்" என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு ஓர் இரவு மின்தடை ஏற்பட்டது. மெழுகுவத்திக்காகப் பரணைத் துழாவியபோது, அப்பாவின் பழைய பிஸ்கட் தகரப்பெட்டியில் ரப்பர் பட்டை போட்ட சீட்டுக்கட்டு ஒன்று கிடைத்தது. அதில் ஆட்டின் (இதயக் குறி) ஐந்து மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு ஜோக்கரின் மூலையில் அப்பா நீல மையால் "ஆ 5" என்று எழுதிவைத்திருந்தார். அதை நான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கையை நீட்டிக் கட்டை வாங்கினார், இரண்டாகப் பிரித்தார், இரு கட்டைவிரல்களாலும் வளைத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் சரசரவென்று விழவிட்டார். விரல் மூட்டு வலியால் கால்வாசிச் சீட்டுகள் பாயில் சிதறிவிட்டன என்பது வேறு விஷயம். 46 ஆண்டுகளாக அவருக்கு மகனாக இருக்கிறேன். அவருக்குச் சீட்டுக் கலைக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று கழுதை ஆடினோம். மின்சாரம் வந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. மறுநாள் மகளே கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் விஷயம் கேள்விப்பட்ட என் பெரியப்பா, "சீட்டு நுழைந்த வீடு விளங்காது" என்று தொலைபேசியிலேயே கண்டித்தார். மனைவிக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. ஏழு வயது முதல் 74 வயது வரை உள்ளவர்கள் சேர்ந்து ஆட ஏற்ற ஆட்டங்கள் எவை, இதனால் உண்மையிலேயே நன்மை உண்டா என்பதை அனுபவப்பட்டவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

நெல்லைச் சீமை எழுதியது:

பெரியப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களும் கல்யாண மண்டபத்து மாடியறையில் விடிய விடிய ரம்மி ஆடியவர்களாகத்தான் இருப்பார்கள். எங்கள் ஊரில் துக்க வீட்டில் இரவு விழித்திருப்பதற்கும் சீட்டுதான் துணை. உடல் உள்ளே இருக்க, வாசல் பந்தலில் ஆண்கள் ஆடிக்கொண்டிருப்பதைச் சிறுவயதில் பார்த்து, இவர்களுக்கு வருத்தமே கிடையாதா என்று கோபப்பட்டிருக்கிறேன். என் அப்பா இறந்த இரவில்தான், வருகிறவர்கள் எழுந்து போய்விடாமல் அங்கேயே இருப்பதற்கு அது ஒரு சாக்கு என்பது புரிந்தது. கையில் சீட்டு இருந்தால் ஆறுதல் வார்த்தை தேட வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

வாசற்படி அவர்களுக்கு, கழுதையோடு நின்றுவிடாதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள். அது தொடங்குவதற்கு நல்ல ஆட்டம்தான். இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் இறங்க வேண்டும், அதே இனத்தில் எல்லோரும் போட வேண்டும், இல்லாதவர் வேறு இனத்தைப் போட்டு வெட்டினால் அதுவரை பெரிய சீட்டுப் போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும் என்கிற மூன்று விதிகளையும் ஐந்து நிமிடத்தில் எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ளும். ஆனால் அதில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் ஆடுகிறார்கள். சேர்ந்து ஆடும் சுவை வேண்டுமென்றால் லிட்ரேச்சருக்கு வாருங்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் இந்த ஆட்டத்தின் வழியாகவே நண்பர்களைச் சம்பாதித்தேன். 52 சீட்டுகளிலிருந்து நான்கு எட்டுகளையும் எடுத்துவிட்டால் 48 மிஞ்சும். ஒவ்வோர் இனத்திலும் இரண்டு முதல் ஏழு வரை ஒரு கீழ் செட், ஒன்பது முதல் ஆஸ் வரை ஒரு மேல் செட் என மொத்தம் எட்டு செட்டுகள். ஒரு செட்டுக்கு ஆறு சீட்டுகள். ஆறு பேர் மூன்று மூன்றாகப் பிரிந்து, அணி மாற்றி அணி வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு எட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் முறை வரும்போது எதிரணியில் ஒருவரைப் பெயர் சொல்லி, "உங்களிடம் கிளாவர் ராஜா இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் அவர் கொடுத்தே ஆக வேண்டும், நீங்கள் தொடர்ந்து கேட்கலாம். இல்லையென்றால் கேட்கும் முறை அவருக்குப் போய்விடும். இதில் முக்கியமான நிபந்தனை, எந்த செட்டிலிருந்து கேட்கிறீர்களோ அந்த செட்டில் ஒரு சீட்டாவது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது. ஒரு செட்டின் ஆறு சீட்டுகளும் உங்கள் அணியில் யார் யாரிடம் எது எது இருக்கிறது என்று பிழையில்லாமல் சொல்லிவிட்டால் அந்த செட் உங்களுடையது.

இந்த ஆட்டத்தின் அழகு அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் கையில் இருப்பதைக் கொஞ்சம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உங்கள் கூட்டாளி அதைக் காதில் வாங்கி மனத்தில் வைத்துக்கொள்கிறாரா என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். சீட்டு அதிர்ஷ்டம் எப்படி விழுந்தாலும், காதுகொடுத்துக் கேட்காதவர் தோற்பார். என் வீட்டில் நான் பேசுவதை என் மனைவி முழுதாகக் கேட்டதும், அவர் பேசுவதை நான் முழுதாகக் கேட்டதும் லிட்ரேச்சர் ஆடிய இரவுகளில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆறாவது ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அது குறையல்ல, அதற்காகவே இந்த ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன்.

கடுகு எழுதியது:

மன்னிக்கவும், இந்த இழையில் கொஞ்சம் கசப்பைக் கலக்கப் போகிறேன். நீங்கள் எல்லோரும் சீட்டைப் பற்றிப் பேசும்போது உங்களுக்குப் பாயும் மெழுகுவத்தியும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு எங்கள் ஊரின் ஒரு மனமகிழ் மன்றமும், அதன் வாசலில் கழற்றிவிடப்பட்டிருக்கும் என் அப்பாவின் செருப்பும் நினைவுக்கு வருகின்றன. அம்மா என்னைத்தான் அனுப்புவார், செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி. உள்ளே போகச் சொன்னதில்லை. செருப்பு இருந்தால் அன்று சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அம்மா ஒரு கணக்குப் போடுவார்; இல்லாவிட்டால் வேறொரு கணக்குப் போடுவார். என் பத்தாவது வயதில் அம்மாவின் இரண்டு வளையல்களும் அடகுக்குப் போய், திரும்பி வரவே இல்லை.

அப்பாவும் எங்களோடு வீட்டில் கழுதை ஆடியவர்தான். அவருக்கும் அது அப்படித்தான் தொடங்கியது. வாசற்படி அண்ணனின் பெரியப்பா சொன்னதைப் பழைய காலத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். விளங்காமல் போன வீட்டை அவர் எங்கோ பார்த்திருப்பார்.

தராசு எழுதியது:

கடுகு அவர்கள் எழுதியதை மதித்து, சட்டம் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரம்மியில் விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்று முடிவுசெய்வதற்கும் திறமை தேவைப்படுவதால், மூன்று சீட்டைப் போல் அது முழுக்க அதிர்ஷ்டத்தால் நடப்பதன்று என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் ஒரு வழக்கில் கூறியது. பிறகு வந்த இணையவழி நிறுவனங்கள் அந்தத் தீர்ப்பைத்தான் கேடயமாகப் பிடித்தன. தமிழ்நாடு அரசு 2022-இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்காட்டத்திற்கே இடமில்லாமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது.

ஆக, இத்தனை ஆண்டுகளும் சண்டை முழுவதும் பந்தயப் பணத்தைப் பற்றியே நடந்திருக்கிறது. வீட்டுப் பாயில் பணமில்லாமல் ஆடுவதை எந்தச் சட்டமும் தொடவில்லை.

ஸ்காபரோத் தம்பி எழுதியது:

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன்; இப்போது கனடாவில் இருக்கிறேன். எங்களுடைய ஆட்டத்தை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 304 தெரியாத யாழ்ப்பாணத்து வீடு மிகவும் குறைவு. ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள், நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ராஜாவையும் ராணியையும் விட ஒன்பதுக்கு மதிப்பு அதிகம் என்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு விளங்க நாளெடுக்கும். நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் என்ற ஆட்டத்திலும் துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் துருப்பு) இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும்தான் தலை. நாம் சொல்கிற கிளாவரும் ஆட்டினும் டச்சுச் சொற்களோடு ஒத்துப்போகின்றன. சிங்களத்தில் நான்கு இனங்களின் பெயர்களுமே டச்சிலிருந்து வந்தவை. கோட்டையில் இருந்த ஒல்லாந்தர்கள் எங்களுக்கு விட்டுப்போனவற்றில் இதையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

90-களில் எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு, அந்த வெளிச்சத்தில் விறாந்தையில் 304 ஆடினோம். முதல் நான்கு சீட்டைப் பார்த்துவிட்டு எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும், கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்ற நான்கு சீட்டும் வரும். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு துணிந்து ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு வந்ததைக் கொண்டு அதைக் காப்பாற்றப் பார்ப்பதுதான் ஆட்டம். என் அம்மம்மா நல்ல சீட்டு வந்தாலும் முகத்தில் காட்டமாட்டார். மோசமான சீட்டு வந்தால் வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுப்பார். அது மாமாவுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடுகு அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலும் காசு வைத்து ஆடி அழிந்தவர்கள் உண்டு. ஆனால் எங்கள் வீட்டு 304-இல் தோற்றவர்களுக்குத் தண்டனை, காதில் ஒரு துணிக் கவ்வியை மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்தை ஆடுவது. ஊரே மதிக்கும் என் பெரியப்பா, இரண்டு காதிலும் கவ்வியோடு என்னைப் பார்த்து "நீ ஏன்டா ஒன்பதைப் போட்டாய்?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதரிடம் வேறு எந்த நேரத்திலும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. பாயில் இருக்கும்போது மட்டும், "நீங்கள் ஜாக்கியைப் பிடித்து வைத்திருந்தபடியால்தான்" என்று சொல்ல முடிந்தது. இங்கே பிறந்த என் மகளுக்கு ஊரைப் பற்றி நான் சொல்லிய கதைகளில் பாதி நினைவில்லை. ஆனால் அவள் அம்மம்மாவோடு 304 ஆடுவதற்காகத் தமிழில் நூற்று அறுபது, நூற்று எழுபது என்று கேட்கப் பழகிவிட்டாள். அவளுடைய தமிழ் எண்கள் நூற்று அறுபதில்தான் தொடங்குகின்றன.

மூன்றாம் வகுப்பு எழுதியது:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கூட்டலில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஆஸ் முதல் பத்து வரையிலான சீட்டுகளைப் பயன்படுத்தினேன். இரண்டு சீட்டுகளைத் திருப்பி, பத்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏழைப் பார்த்ததும் மூன்று எங்கே கிடக்கிறது என்று தேடும் பழக்கம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் ஒரு பெற்றோர் வந்து, "பள்ளியில் சீட்டாடக் கற்றுக்கொடுக்கிறீர்களா?" என்று சத்தம் போட்டார். வாதாட எனக்குத் தெம்பில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் எண்களை எழுதி, அதே ஆட்டத்தைத் தொடர்ந்தேன். இப்போது அதே பெற்றோர் தன் வீட்டில் மிஞ்சிய பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பிள்ளைகளுக்குப் பத்திரிகை அட்டைதான் பிடித்திருக்கிறது, சந்தனம் மணக்கிறதாம்.

ஆகவே அண்ணா, உங்கள் மகளுக்கு ரம்மிப் புள்ளிகளை எழுதும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பட முகச் சீட்டுகளுக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுவதும், ஃபுல் கவுண்ட் (ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஏறும் அதிகபட்சப் புள்ளி) 80-க்கு மேல் போகாது என்று பார்த்துக்கொள்வதும் அந்த வயதுக்கு ஏற்ற கணக்குதான். இன்னொன்று, தோற்கும்போது அழுதால் தடுக்காதீர்கள். விட்டுக்கொடுத்து ஜெயிக்கவும் வைக்காதீர்கள். பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு ஆட்டத்தில் அவர்களுக்கு மரியாதை போய்விடும்.

நெல்லைச் சீமை எழுதியது:

சும்மா ஆடினால் சப்பென்று இருக்கும் என்பவர்கள் புளியங்கொட்டை வைத்து ஆடலாமே? ஆளுக்கு இருபது கொட்டை. தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். எல்லை எங்கே என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

கடுகு எழுதியது:

ஸ்காபரோத் தம்பி சொன்ன துணிக் கவ்வி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. சீட்டைப் பற்றிப் படித்து நான் சிரித்தது இதுவே முதல் முறை. ஆனால் புளியங்கொட்டைக்கு நான் உடன்படமாட்டேன். கொட்டை தீர்ந்தவர் எழுந்து போவதில்லை, நெல்லைச் சீமை அண்ணா. பக்கத்தில் இருப்பவரிடம், "ஐந்து கொடு, அடுத்த ஆட்டத்தில் தருகிறேன்" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயப்படுகிறேன். கவ்வியைக் கடன் வாங்க முடியாது, திருப்பித் தர முடியாது, சேர்த்துவைக்கவும் முடியாது. தோல்வி அந்த இரவோடு முடிந்துவிடுகிறது. வைத்தே ஆக வேண்டுமென்றால் அப்படிப்பட்டதை வையுங்கள்.

அடுக்களை ஜன்னல் எழுதியது:

இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். காபி யார் போட்டார்கள்? நெல்லைச் சீமை அவர்களின் மண்டபத்து மாடியறையிலும் துக்க வீட்டுப் பந்தலிலும் ஆடியவர்கள் ஆண்கள். எங்கள் வீட்டிலும் மாமனாரும் மைத்துனர்களும் ஞாயிறு முழுவதும் கூடத்தில் ஆடுவார்கள். எனக்கு அவர்களுடைய ஆட்டத்தின் விதிகள் தெரியாது, எத்தனை டம்ளர் என்பது மட்டும் தெரியும். பெண்களுக்குப் பல்லாங்குழியும் தாயமும் பின்கட்டில். குடும்பத்தோடு ஆடுவது நல்லது என்று எழுதும்போது, குடும்பம் என்ற சொல்லுக்குள் அடுக்களையில் நிற்பவரும் இருக்கிறாரா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வாசற்படி அவர்களின் அம்மாவுக்குச் சீட்டுக் கலைக்கத் தெரியும் என்பது 46 ஆண்டுகளாக வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றால், அவருக்குக் கட்டு கொடுக்கப்படவே இல்லை என்றுதான் பொருள்.

பகல்நேரச் செவிலி எழுதியது:

முதியோர் பகல்நேரப் பராமரிப்பில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். சீட்டாடினால் மறதி நோய் வராது என்று பலர் பகிரும் செய்தியைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. வாசிப்பு, பலகை விளையாட்டுகள், இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாக இருந்தது என்று அது கண்டது. ஆனால் ஆட்டம் நோயைத் தடுத்ததா, அல்லது நோய் உள்ளுக்குள் தொடங்கிவிட்டவர்கள் முன்கூட்டியே ஆட்டத்திலிருந்து ஒதுங்கிவிட்டார்களா என்பதை அப்படிப்பட்ட ஆய்வைக் கொண்டு மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாத்திரைக்குப் பதிலாகச் சீட்டைக் கொடுக்காதீர்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வயதானவர்களிடம் நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, வலி எப்படி இருக்கிறது. அவர்கள் ஒரு முடிவெடுக்கும்படி யாரும் எதையும் கேட்பதில்லை. சீட்டைப் போட்டுவிட்டு, "உங்கள் முறை, நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லும்போது, ஒரு கூட்டமே அவருடைய முடிவுக்காக நிற்கிறது. அந்த அரை நிமிடத்தில் முதுகு நிமிர்வதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு மூட்டு வலி என்று எழுதியிருந்தீர்கள். துணி துவைக்கும் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி, முட்கள் மேலே இருக்கும்படி அவர் முன்னால் வையுங்கள். முட்களுக்கிடையே சீட்டுகளைச் செருகினால் விசிறி போல் நிற்கும். கையால் பிடிக்க வேண்டியதில்லை. எட்டுச் சீட்டைச் சின்னக் கையில் பிடிக்க முடியாத உங்கள் மகளுக்கும் அதே வழி உதவும். விளக்கு அவருக்குப் பின்னாலிருந்து வரட்டும், இல்லாவிட்டால் சீட்டின் பளபளப்பு கண்ணைக் கூசும். எண் பெரிதாக அச்சிட்ட கட்டுகளும் கிடைக்கின்றன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆட வேண்டாம். தவறாகப் போட்டால் பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். வழக்கமாகக் கணக்கு வைத்து ஆடுகிறவர் ஒரே ஆட்டத்தில் நான்கு முறை துருப்பு எது என்று கேட்கத் தொடங்கினால், அதைக் கேலி செய்யாமல் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

அடுக்களை ஜன்னல் அவர்களின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. லிட்ரேச்சரில் என் மனைவி என்னோடு ஆடினார் என்று பெருமையாக எழுதியிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், ஆட்டம் பாதியில் நிற்கும், அவர் காபி போட்டு வருவார், பிறகு தொடரும். கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் மறந்ததில்லை என்பதால் அதை நான் கவனிக்கவே இல்லை.

சீட்டு முதியவர்களின் பொழுதுபோக்கு என்று இளைஞர்கள் யாராவது நினைத்தால், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆட்டத்தின் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றதை நினைவூட்ட விரும்புகிறேன். வென்ற பிரணாப் பரதனுக்கு அப்போது வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. முதியவர்களின் பொழுதுபோக்குதான், அதனால் என்ன?

வாசற்படி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை லிட்ரேச்சர் ஆடினோம்.

ஆறாவது ஆளுக்காக எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை அழைத்தேன். வண்டி நிறுத்தும் இடம் தொடர்பாக ஏற்பட்ட ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாக நாங்கள் தலையை மட்டும் அசைத்துக்கொள்வோம். வாசலில் நின்று, "லிட்ரேச்சர் ஆட ஓர் ஆள் குறைகிறது" என்றேன். "எட்டை எடுத்தா, ஏழை எடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார். வண்டியைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை.

காபியை ஆட்டம் தொடங்கும் முன்பே நான் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டேன். சர்க்கரை கூடிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு துணி பிரஷ்கள் வாங்கினேன், நீலம் ஒன்று, பச்சை ஒன்று. அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பிரஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பார்க்க வேடிக்கையாக இருந்தது. மகள், அம்மா, தலைமையாசிரியர் ஓர் அணி. ஐந்து செட்டுகள் அவர்களுக்கு, மூன்று எங்களுக்கு. டைமன் மேல் செட்டில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று அம்மா ஆறு சீட்டையும் விரல்விட்டுச் சொல்லி முடித்தபோது, என் மகன் தன் கையில் ஒன்றுமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "பாட்டி, தாத்தாவோடு ஆடுவீர்களா?" என்று கேட்டான். "தாத்தா ஊரில் இல்லாத நாளில் என் தங்கைகளோடு ஆடுவேன்" என்றார். நான்கு சித்திகள் எனக்கு. அவர்களில் ஒருவரும் இதுவரை என்னிடம் வாய் திறந்ததில்லை. தோற்றதற்காக நான், மனைவி, மகன் மூவரும் காதில் கவ்வியோடு இரவுச் சாப்பாடு சாப்பிட்டோம்.

ஒரு சிக்கல் மட்டும் உள்ளது. ஆட்டின் ஐந்துக்குப் பதிலாக இருக்கும் ஜோக்கர் மற்றச் சீட்டுகளைவிட மஞ்சளேறி, மூலை மடங்கி இருப்பதால், அது யாரிடம் இருக்கிறது என்பது பின்பக்கத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. விதிப்படி இது செல்லாது என்று தலைமையாசிரியர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

அவர் சொல்வது சரி, செல்லாது. ஆனால் புதுக் கட்டு வாங்க வேண்டியதில்லை. எட்டுகளுக்குப் பதிலாக நான்கு ஐந்துகளையும் எடுத்துவிடுங்கள்; ஜோக்கரும் அவற்றோடு போய்விடும். கீழ் செட்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு என்று வைத்துக்கொண்டால் 48 சீட்டுகள் சரியாக வரும். ஆட்டத்தில் எந்த மாற்றமும் இருக்காது.

வாசற்படி எழுதியது:

அருமையான யோசனை, ஐயா. அம்மாவிடம் சொன்னேன். மற்ற மூன்று ஐந்துகளையும் என்னவேண்டுமானாலும் செய்துகொள், அந்த ஐந்தை எடுக்கக்கூடாது என்றுவிட்டார். தலைமையாசிரியர் சற்று நேரம் அந்த நீல மை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மகள் புள்ளி எழுதும் குறிப்பேட்டை வாங்கி, "விதி 1: ஆட்டின் ஐந்து யாரிடம் இருக்கிறது என்பது அனைவருக்கும் தெரிந்திருக்கலாம்" என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.